காமாலை எழுதிய கை

கம்பவுண்டர் பஞ்சாட்சரத்துக்கு நோயாளிகளைக் கண்டு ஒருநாளும் அருவருப்பு வந்ததில்லை. புழு வைத்த கால் புண்ணைக் கழுவிக் கட்டியிருக்கிறார். காலரா கண்ட வருஷத்தில் வாந்தியைக் கையாலேயே வழித்துப் போட்டிருக்கிறார். அதெல்லாம் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சோறு தின்பார். அவருக்குக் குமட்டியதெல்லாம் நல்ல உடம்போடு கிளினிக் படியேறி வருகிறவர்களைப் பார்த்துத்தான்.

திங்கட்கிழமைகளில் அவர்கள் அதிகம். படிய வாரிய தலை, சலவைச் சட்டை, வெற்றிலை போட்ட வாய். பெஞ்சில் இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டி நேரே மருந்து கலக்கும் ஜன்னலுக்கு வருவார்கள். தலையை உள்ளே நீட்டி, "கம்பவுண்டரே, பத்து நாளைக்கு ஜுரம் குடுங்க" என்பார்கள், மளிகைக் கடையில் அரைக் கிலோ துவரம்பருப்புக் கேட்கிற மாதிரி.

பஞ்சாட்சரம் பள்ளிப்பட்டு நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. எட்டாம் வகுப்பு முடித்ததும், கையெழுத்து முத்துமுத்தாக இருந்ததால், திருத்தணியில் ஒரு பெரிய டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தார். மிக்சர் கலக்கவும், பாட்டிலில் வேளைக்கு இவ்வளவு என்று காகிதம் வெட்டி ஒட்டவும், ஊசிகளைக் கொதிக்க வைக்கவும் அங்கே பழகினார். பெரியவர் காலமான பிறகு, அறுபத்து நாலில், அவருடைய மருமகன் சிவப்பிரகாசம் கிளினிக்கை நடத்த வந்தார். சிவப்பிரகாசம் மோசமான டாக்டர் இல்லை. கைராசிக்காரர் என்றே பெயர். ஆனால் யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர்.

அறுபத்தாறில் முதலில் வந்தவர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர். மகளுக்கு வரன் பார்க்கப் போகவேண்டும், லீவு கிடைக்கவில்லை. பாவமாகத்தான் இருந்தது. டாக்டர் ஒரு வாரம் ஜுரம் என்று சர்டிபிகேட் கொடுத்தார். அந்தச் செய்தி எப்படியோ ரயில் ஏறிவிட்டது. தினமும் மெட்ராசுக்கும் அரக்கோணத்துக்கும் வேலைக்குப் போய் வருகிற சீசன் டிக்கெட்காரர்கள் ஒரே பெட்டியில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டே போகிறவர்கள். திருவாலங்காட்டில் ஒருவன் சொன்னால் அடுத்த ஸ்டேஷன் மணவூர் வருவதற்குள் பெட்டி முழுக்கத் தெரிந்துவிடும். அஞ்சாறு வருஷத்துக்குள் மெட்ராஸ் ஆபீசுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் திருத்தணிக்கு வந்து வியாதி வாங்கிக்கொண்டு, அப்படியே மலையேறி முருகனையும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

டாக்டர் காலையில் இருபது தாளில் வெறுங்கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார். பெயர், வியாதி, நாள் எல்லாம் பஞ்சாட்சரம்தான் நிரப்பவேண்டும். ஒருமுறை ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு மறதியில் இரண்டாம் தடவையும் குடல்வால் அறுவை சிகிச்சை எழுதிவிட்டார். மனுஷனுக்கு எத்தனை குடல்வால்! வாத்தியார் பதறிக்கொண்டு ஓடிவந்தபோது டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பஞ்சாட்சரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டு, யாருக்குப் போனமுறை எந்த வியாதி என்று குறித்து வைத்துக்கொண்டார். இப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிற கம்பவுண்டர் உலகத்தில் உண்டா என்று நினைத்தாலே தன் விரல்களைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

எல்லாரும் விரும்பிக் கேட்டது காமாலை. அதற்குக் காரணம் உண்டு. காமாலைக்காரனை எந்த அதிகாரியும் சீக்கிரம் வா என்று கூப்பிடமாட்டான், தொத்திக்கொள்ளும் என்று பயம். மூன்று வாரம், ஆறு வாரம் கூடத் தாராளமாக எழுதலாம். குணமாகித் திரும்பி வந்தால் உடம்பில் தடயமும் இருக்காது.

கண்ணையன் என்று ஒரு பிட்டர், அம்பத்தூர்ப் பக்கம் ஏதோ தொழிற்சாலையில் வேலை. ஊரில் நாலு ஏக்கர் நஞ்சை. வருஷம் தவறாமல் தை மாதம் அறுப்புக்கு அவனுக்குக் காமாலை காணும்.

"அறுப்புக்குன்னு லீவு கேட்டா தரமாட்டான்ங்க. நீ வெவசாயியா, தொழிலாளியான்னு கேக்கறான். சீக்குன்னு சீட்டு குடுத்தா வாயத் தொறக்கறதில்ல" என்பான் கண்ணையன். "நான் இன்னா செய்யட்டும்?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் பஞ்சாட்சரத்துக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. உண்மையைச் சொல்கிறவனுக்கு ஒரு நாள் கிடையாது, பொய் சொல்கிறவனுக்கு மூன்று வாரம். இதில் கண்ணையனை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது?

எழுபத்து நாலில் ரயில்வே வேலைநிறுத்தம் வந்தது. வேலைக்குப் போனால் கூட்டாளிகள் உதைப்பார்கள், போகாவிட்டால் சர்க்கார் சீட்டைக் கிழிக்கும் என்று இரண்டு பக்கமும் பயந்தவர்கள் விடியும் முன்னே கிளினிக் வாசலில் நின்றார்கள். அந்த மே மாதத்தில் மட்டும் அறுபத்திரண்டு பேருக்குப் பஞ்சாட்சரம் டைபாய்டு எழுதினார். அடுத்த வருஷம் எமர்ஜென்சி. பத்து மணிக்கு நாற்காலியில் இல்லாதவனுக்கு அன்றைக்கே ஓலை என்று ஆனதும், ஒரே மாதத்தில் ஊரில் இருந்த வியாதியெல்லாம் பறந்து போயிற்று. "பாத்தீங்களா பஞ்சாட்சரம், நாட்டுக்கே மருந்து குடுத்துட்டாங்க" என்று டாக்டர் சொல்லிச் சிரித்தார். எழுபத்தேழில் எமர்ஜென்சி போனது. வியாதி திரும்பி வந்தது, முன்னைவிட இரண்டு மடங்காக. இத்தனை கூத்திலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நிஜமான நோயாளிகளின் கூட்டம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதைக் கவனித்தது அந்த ஊரில் பஞ்சாட்சரம் ஒருவர்தான்.

"இந்தக் கையால எழுதிட்டு இதே கையால எப்படிச் சோறு திங்கறது?" என்று ஒருநாள் மனைவி கமலாவிடம் கேட்டார்.

"நீங்க எழுதலன்னா இன்னொருத்தன் எழுதப்போறான். சோத்தத் தின்னுங்க" என்றாள் அவள். தின்றார்.

அவருடைய தங்கை ஜெயம்மாள் பள்ளிப்பட்டில் இருந்தாள். புருஷன் போன பிறகு வீரபத்திரன் என்பவருடைய விசைத்தறி ஷெட்டில் தார் சுற்றினாள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழாயில் ராட்டினத்தால் நூல் சுற்றிக் கொடுப்பது அந்த வேலை. காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டு. தறி ஓடுகிற வரைக்கும் தார் வேண்டும், ஆகவே தறி எப்போது நிற்குமோ அப்போதுதான் அவளும் எழுந்திருக்கலாம். லீவு என்ற சொல்லே அந்த ஷெட்டில் கிடையாது. "நான் ஒரு நாள் போவலன்னா மறுநாள் என் ராட்டினத்துல வேற ஒருத்தி ஒக்காந்துகினு இருப்பா" என்பாள். அண்ணன் திருத்தணியில் என்ன எழுதுகிறார் என்று அவளுக்குத் தெரியாது. டாக்டரிடம் பெரிய வேலை என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

எண்பதாம் வருஷம் ஆனி கடைசியில் கிளினிக்குக்கு ஒரு சர்க்கார் கடிதம் வந்தது. நாடு முழுக்கத் தொழிலாளிகள் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள், எத்தனை நாள் வேலைக்கு வருவதில்லை, ஏன் வருவதில்லை என்று கணக்கெடுக்கிறார்களாம். பல ஆபீசுகளின் லீவுக் காகிதங்களில் இந்த டாக்டரின் பெயர் அடிக்கடி வருகிறதாம். அதிகாரி ஒருவர் நேரில் வந்து நோயாளிகள் ரிஜிஸ்தரைப் பார்ப்பார் என்று போட்டிருந்தது.

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. கதவைச் சாத்திவிட்டு பஞ்சாட்சரத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு வருஷத்துக்கு ரிஜிஸ்தர் வேணும். உங்க நோட்ட வெச்சுகினு எழுதிடுங்க. என் லைசென்ஸ் போயிடும் பஞ்சாட்சரம். உங்க குடும்பமும் இதுலதான ஓடுது?"

அஞ்சு நாள் மருந்தறையில் உட்கார்ந்து எழுதினார். ஒரே மசியில் எழுதினால் தெரிந்துவிடும் என்று மூன்று பேனா மாற்றினார். நாடித்துடிப்பு இவ்வளவு, நாக்கு வெளுப்பு, கண்ணில் மஞ்சள், சிறுநீர் கடுகெண்ணெய் நிறம். பார்க்காத கண்ணுக்கு மஞ்சள் பூசினார், தொடாத வயிற்றில் வீக்கம் வைத்தார். வெளியே ஒரு பெண்பிள்ளை கைக்குழந்தைக்கு மருந்து கேட்டு ஜன்னலைத் தட்டிக்கொண்டே இருந்தாள். இருபது வருஷம் நோயாளிகளைப் பார்த்துப் பழகியவர், உண்மையாகவே பார்த்தவர் எழுதியது போலவே வந்தது. அது அப்படி வந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. அஞ்சாம் நாள் பின்கட்டுக்குப் போய் நிஜமாகவே வாந்தி எடுத்தார்.

அதிகாரி என்று வந்தது தேவகி என்கிற பெண். முப்பது வயதிருக்கும். ரப்பர் செருப்பு, தோளில் துணிப்பை, பையில் கட்டுக்கட்டாகப் படிவங்கள். ஆடிக் கிருத்திகைக்கு ஒரு வாரமே இருந்தது, காவடிக் கூட்டத்தில் பஸ்சில் இடம் கிடைக்காமல் பாதி வழி நடந்தே வந்திருந்தாள். பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டு, சாயங்காலம் வரை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் குறித்துக்கொண்டாள்.

"எத்தனையோ டிஸ்பென்சரி பாத்துட்டேன் சார். இவ்வளவு ஒழுங்கா எங்கயும் எழுதி வெக்கல. இது உங்க கையெழுத்தா?"

"ஆங், என்துதாங்க."

"ஒண்ணு மட்டும் புரியல. இந்தச் சுத்துவட்டாரத்துல இத்தனை காமாலை எப்படி வருது?"

டாக்டர் உள்ளே ஊசி போட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்ல வேறு ஆளில்லை. பஞ்சாட்சரத்தின் வாயிலிருந்து அது தானாக வந்தது. "தண்ணிங்க. கோயில் குளத்துல ஊர்ப்பட்ட ஜனம் குளிக்குது. அந்தத் தண்ணிதான் ஊறி கெணத்துக்கெல்லாம் போவுது."

தேவகி கையிலிருந்த தண்ணீர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். பிறகு படிவத்தில் எழுதிக்கொண்டாள்.

அவள் போன பிறகு பஞ்சாட்சரம் மலையைப் பார்த்து நின்றார். இத்தனை வருஷமாக மனுஷர்களின் உடம்பைப் பற்றித்தான் பொய் எழுதினார். இப்போது சாமி கும்பிட வருகிற ஜனத்தின் மேலும், ஊர்த் தண்ணீரின் மேலும் அபாண்டம் சுமத்தியாயிற்று.

ஆவணியில் ஒருநாள் மத்தியானம் ஜெயம்மாள் கிளினிக்குக்கு வந்தாள். பள்ளிப்பட்டில் அன்றைக்குக் கரண்ட் கட். தறி நின்றதால் பஸ் ஏறி வந்திருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே நின்று "அண்ணா" என்று கூப்பிட்டபோது, பஞ்சாட்சரம் மும்முரமாக யாருக்கோ காமாலை எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தார். அவள் கண் இரண்டும் அரைத்த மஞ்சளாக இருந்தன.

"எத்தினி நாளா இப்படி இருக்குது?"

"பத்து நாளாவது. சோறே எறங்கல. கரண்ட் போனா வரலாம்னு பாத்துகினு இருந்தேன், இன்னிக்கித்தான் போச்சு."

டாக்டர் நன்றாகவே பார்த்தார். வயிற்றை அழுத்தினார், நகத்தைப் பார்த்தார். கஞ்சியும் மோரும், கீழாநெல்லி வேண்டுமானால் தின்னட்டும், ஆனால் ஆறு வாரம் படுக்கையை விட்டு எழக்கூடாது, எழுந்தால் ஈரல் கெட்டுவிடும் என்றார்.

"ஆறு வாரமா?" ஜெயம்மாளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வெளியே வந்ததும் அண்ணனிடம் தணிந்த குரலில் சொன்னாள். "போன வாரம் எங்க ஷெட்டுக்கு ஒரு அம்மா வந்துச்சு, பைய மாட்டிகினு. எத்தினி மணி நேரம் வேல செய்றீங்கன்னு கேட்டுது. எட்டுன்னு சொன்னேன். ஓனர் பின்னாலயே நின்னுகினு இருந்தாரு. லீவு எத்தினி நாள் போட்டீங்கன்னுச்சு. ஒரு நாளும் இல்லன்னு சொன்னேன், அது நெஜந்தான?"

பஞ்சாட்சரம் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தார்.

"இங்க வர்றவங்கெல்லாம் ஏதோ சீட்டு வாங்கிகினு போறாங்களே, அத எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு அண்ணா. ஓனரு கையில குடுத்துப் பாக்கறேன்."

எழுதினார். பெயர், வயது, காமாலை, ஆறு வாரம். பதினாலு வருஷத்தில் அவர் எழுதிய காமாலைகளில் நிஜமானது அது ஒன்றுதான். முத்துமுத்தான கையெழுத்து அன்றைக்குக் கோணலாக விழுந்தது, பார்த்தால் அதுதான் கள்ளச்சீட்டு போல இருந்தது.

மறுநாள் பஞ்சாட்சரமே அவளோடு போனார். வீரபத்திரன் ஒன்றுவிட்ட உறவுக்காரர், பஞ்சாட்சரத்தை அத்தான் முறையில் பாவா என்று கூப்பிடுகிறவர், மரியாதையான ஆள்தான். காகிதத்தை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தா ராட்டினம் தானா சுத்துமா பாவா? படுத்துக்கட்டும், நான் வேணாங்கல. ஆனா எனக்குத் தறி நிக்கக்கூடாது, நாளைக்கே வேற ஆளப் போடணும். அப்பறம் வந்து எடத்தக் கேட்டா நான் எங்க போவேன்?"

"கொஞ்சம் மனசு வெய்யி வீரபத்திரா. ஈரல் கெட்டுடும்னு டாக்டரு சொல்றாரு."

"அவரு சொல்வாரு. உங்க டாக்டரு குடுக்கற சீட்டு எப்படிப்பட்டதுன்னு ரயில்ல போறவன் எல்லாம் சொல்றானே."

பஞ்சாட்சரத்துக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வீரபத்திரன் சொன்னது சத்தியம்.

ஜெயம்மாள் அண்ணன் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டு நாள் படுத்திருந்தாள், மூன்றாம் நாள் ராட்டினத்துக்குப் போய்விட்டாள். ஒன்பது நாள் சுற்றினாள். பத்தாம் நாள் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தாள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்து பிழைத்தாள் என்றாலும் பழைய உடம்பு வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அரை மணிக்கு ஒருமுறை படுக்கவேண்டும். ஷெட்டில் அவள் இடம் எப்போதோ போயிருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் பஞ்சாட்சரம் கிளினிக்குக்குப் போனார், எழுதினார். தன்னைப் பற்றி அவர் பிற்பாடு சொன்னவற்றில் இதைத்தான் மிகவும் வெறுத்துச் சொன்னார். "கூடப் பொறந்தவ கண்ணு மஞ்சளாப் போனதப் பாத்துட்டும் மறுநாள் ஒன்பது மணிக்குப் போயி அதையே எழுதினேன். மலத்துல கால வெச்சவன் கழுவிக்குவான். நான் அதுலயே நின்னுகினு இருந்தேன்."

எண்பத்திரண்டு கோடையில் சுகாதார ஆட்கள் நாலைந்து பேர் திருத்தணியில் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். தெருத்தெருவாகப் போய்க் கிணறுகளில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார்கள். குடம் குடமாக நாற்றம். காபியில் நாற்றம், சாம்பாரில் நாற்றம். பெண்கள் வாசலில் நின்று சண்டை பிடித்தார்கள். ஒரு அம்மாள் கத்தினாள்: "எங்க பாட்டன் காலத்துலேர்ந்து குடிக்கிற தண்ணி, எவனுக்குடா இங்க காமால வந்துச்சு?"

"எங்களுக்கு இன்னா தெரியும்மா? இந்த ஊர்ல காமால ஜாஸ்தின்னு மெட்ராஸ்ல புஸ்தகமே போட்டுட்டாங்க. மேலேர்ந்து ஆர்டர்."

பஞ்சாட்சரம் தன் வீட்டுக் குழம்பை வாயில் வைத்தார், விழுங்க முடியவில்லை. மறுநாள் காலை ரயிலில் மெட்ராசுக்குப் போனார்.

தேவகியின் ஆபீசைக் கண்டுபிடிக்க மத்தியானம் ஆயிற்று. மூன்றாம் மாடி, சுவர் உயரத்துக்குக் காகிதக் கட்டுகள், நடுவில் அவள். அடையாளம் தெரிந்ததும் எழுந்து நின்று நாற்காலி போட்டாள். அந்த மரியாதையைப் பார்க்க அவருக்குக் கூசியது. புஸ்தகத்தைக் காட்டச் சொன்னார். தடித்த புஸ்தகம், எங்கு பார்த்தாலும் கட்டங்களும் எண்களும். திருத்தணி வட்டாரத் தொழிலாளிகள் வியாதியால் இழக்கும் நாட்கள் அதிகம், காமாலை முதற்காரணம், குடிநீரைச் சீர்செய்ய வேண்டும் என்று ஒரு பக்கத்தில் இருந்தது.

"தறி ஷெட்டுங்களப் பத்தி எங்க இருக்குது?"

அவள் புரட்டிக் காட்டினாள். தார் சுற்றும் பெண்கள்: நாளொன்றுக்கு எட்டு மணி. வேலைக்கு வராத நாள்: இல்லை.

"இல்லன்னா இன்னா அர்த்தம்மா? யாருக்கும் சீக்கே வரலன்னு அர்த்தமா?"

"லீவுன்னு ஒண்ணு இருந்தாத்தானே சார் வராத நாள எழுத முடியும்? அங்க வருகைப் பதிவேடே கெடையாது. சொன்னத எழுதினோம்."

அப்புறம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். வெறுங்கையெழுத்துத் தாள்கள், நோட்டு, மூன்று பேனா, குளத்துத் தண்ணீர், தங்கையின் கண். சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தார்.

தேவகி புஸ்தகத்தை மூடி ஓரமாகத் தள்ளினாள். பேசியபோது மரியாதை மட்டும் மாறவில்லை. "நீங்க அழாதீங்க. அழறதுக்கு உங்களுக்கு யோக்கியதை இல்ல. ரெண்டு வருஷம் வெயில்ல அலைஞ்சு, உங்க பக்கங்கள ஒண்ணு ஒண்ணாக் கூட்டினேன். உங்க ரிஜிஸ்தரை மத்தவங்களுக்கு உதாரணமாக் காட்டினேன். நல்லாப் பண்ணிட்டீங்க சார்."

பஞ்சாட்சரத்துக்கு அந்த வார்த்தைகள் மேலே விழுந்தது இதமாக இருந்தது. பதினாறு வருஷத்தில் அவரை ஒருவரும் திட்டியதில்லை.

அவள் அப்போதே ஒரு குறிப்பு எழுதி அவரையும் அழைத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனாள். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அச்சாயிடுச்சேம்மா. இது ஒரு ஊர் சமாசாரம். நாடு முழுக்கக் கூட்டும்போது இதெல்லாம் அடிபட்டுப் போயிடும்."

"ஐயா," என்றார் பஞ்சாட்சரம், "ஊருக்கு ஊரு என்ன மாதிரி ஒருத்தன் இருந்தா?"

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த காகிதத்தை எடுத்தார்.

ரயிலில் திரும்பும்போது பக்கத்தில் சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒருவன் அவரை அடையாளம் கண்டு, "கம்பவுண்டரே, நாளைக்கு வர்றேன், ஒரு பதினஞ்சு நாளு வேணும்" என்றான். பஞ்சாட்சரம் எழுந்து போய்க் கதவோரம் நின்றார். தண்டவாளத்தில் காறித் துப்பினார். துப்பத் துப்ப வாயில் பிளீச்சிங் ருசி போகவில்லை.

மறுநாள் கிளினிக்குக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. நாலாம் நாள் டாக்டர் தானே ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்றார்.

"இன்னா பஞ்சாட்சரம், உடம்புக்கு இன்னா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க. நல்லா இருக்கேன்."

"அப்பறம் ஏன் வரல?"

"எழுதப் புடிக்கல."

டாக்டர் கொஞ்சநேரம் ஸ்கூட்டர் கைப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றார். "எனக்கும்தான் புடிக்கல" என்றார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரமே டைப் அடிக்கத் தெரிந்த ஒருவரை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

பஞ்சாட்சரமும் கமலாவும் பள்ளிப்பட்டுக்கே திரும்பினார்கள். மருந்துக் கடை ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. ஜெயம்மாள் அவர்களோடு இருந்தாள். வீட்டிலேயே ஒரு ராட்டினம் போட்டுக்கொண்டு முடிந்தபோது தார் சுற்றினாள்.

எண்பத்து நாலில் தேவகியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. மறுபடி கணக்கெடுக்க வருவதாகவும், ஷெட்டில் கேட்காமல் ஆட்களின் வீட்டில் போய்க் கேட்கப் போவதாகவும், வீடுகளைக் காட்டமுடியுமா என்றும் நாலே வரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பஞ்சாட்சரம் முன்னால் நடந்து இருபத்திரண்டு வீடுகளைக் காட்டினார். அவள் அவரோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஓனர் யாரும் பின்னால் நிற்கவில்லை. ஆனாலும் பத்தொன்பது வீட்டில் எட்டு மணி நேரம் என்றுதான் சொன்னார்கள். சொல்லிவிட்டுக் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்கள். மூன்று வீட்டில் மட்டும் பதினாலு என்றார்கள். பஞ்சாட்சரத்துக்குப் பொறுக்கவில்லை. "நெஜத்தச் சொல்லுங்களேம்மா, யாரும் தின்னுட மாட்டாங்க" என்று ஒரு வீட்டில் குரல் உயர்த்தினார்.

அந்த வீட்டுப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க எழுதினதெல்லாம் நெஜந்தானா அண்ணா?" என்றாள். ஊருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தேவகி தலை நிமிராமல் எட்டு என்று எழுதிக்கொண்டாள்.

கடைசியாக அவர் வீடு. ஜெயம்மாள் ராட்டினத்துக்குப் பக்கத்தில் பாயில் படுத்திருந்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்றீங்க?"

"அது எனக்கே தெரியலம்மா. கொஞ்சம் சுத்துவேன், படுத்துக்குவேன், எந்திரிச்சு மறுக்காச் சுத்துவேன். அத இன்னான்னு சொல்றது?"

அந்தப் பதிலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. தேவகி பேனாவை மூடவில்லை. பாயின் ஓரத்திலேயே உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள்.

"சரி. நேத்து காலையில எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்க? அதுலேர்ந்து சொல்லுங்க."

ஜெயம்மாள் யோசித்து யோசித்துச் சொல்ல ஆரம்பித்தாள். பஞ்சாட்சரம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நேற்று முழுவதையும் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.